கச்சடா ரீல்

இரவு பதினொரு மணி. ஓசூர் நெடுஞ்சாலை. பொம்மசந்திராவின் ஆலை விளக்குகள் பின்தங்கிவிட்டன. சாலையை அகலப்படுத்துவதற்காக இரு மருங்கிலும் மரங்களை வெட்டியிருந்தனர். வெட்டிய இடங்களில் பள்ளங்கள்... பள்ளங்களில் மழைநீர். தவளைகள்கூட ஓய்ந்திருந்தன. அவ்வழியே நகரை நோக்கி ஒரேயோர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

பின்னிருக்கையில் ஒருவர். மடியில் ஒரு பை. பைக்குள் ஒரு தாள்.

தாளில் ஒரு பெண்ணின் முகம்.

ஓட்டுநர் மூக்கை உறிஞ்சினார். சற்றுத் தூரம் சென்றதும் மீண்டும் உறிஞ்சினார். பிறகு வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

"ஏனு சார் பேக்ல? உப்பினகாயா?"

ஊறுகாயா என்று வினவுகிறார்.

"ஊறுகாயெல்லாம் இல்லப்பா. ஒரு பேப்பர்தான். நீ போ."

"சும்னே கேட்டேன் சார். வினிகர் வாசனை மூக்க அறுக்குது. பாட்டில் கீட்டில் ஒடஞ்சிருக்கப் போவுது, பாத்துக்கோங்க."

பையில் பாட்டில் இல்லை. ஆனால் வாசனை இருந்தது. அவரும் அதை உணர்ந்தார். அது எதன் வாசனை என்பதையும் அவர் அறிவார். அறிந்ததனால்தான் அவருக்கு வியர்த்தது.

நிற்க. அந்த மெழுகுவர்த்தியைச் சற்று உள்ளே தள்ளுங்கள், காற்று அடிக்கிறது.

"ஐயோ, ஆரம்பமே இப்டியா?" என்கிறாள் லாவண்யா. "ஹரிஷ், என் போர்வைய இழுக்காத. உனக்குத்தான் பேய்னா பயமே கெடையாதே!"

"எனக்குக் குளுரு. பயம் வேற டிபார்ட்மென்ட்டு."

சிரியுங்கள், நண்பர்களே. இப்போது சிரிப்பதில் தவறில்லை. இன்று மாலை ஹரிஷ் ஒரு படத்தின் டி.வி.டி.யை வாங்கி வந்தான். நான் அதன் உறையைப் பார்த்ததும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். பதில் கூறுமுன் மின்சாரம் போயிற்று. ஆதலின் அப்பதிலை இருட்டிலேயே கூறுகிறேன். படத்தின் பெயரை மட்டும் நான் உச்சரிக்க மாட்டேன். அது உறையில் இருக்கிறது; விரும்புவோர் விடிந்தபின் படித்துக்கொள்ளலாம்.

ஆட்டோவில் வந்தவரின் பெயர் ஓஸ்வால்ட். என் நண்பன் யூஜினுடைய பெரியப்பா மகன். விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்தின் பின்புறச் சந்து ஒன்றில், தம் தந்தை ஜெயராஜோடு வாழ்ந்தவர். மணமாகாதவர். வீட்டில் அவ்விருவர் மட்டுமே.

ஓஸ்வால்ட் தம் தாயின் முகத்தைக் கண்டதில்லை.

தாயின் பெயர் பிலோமினா. மகன் தவழ்ந்துகொண்டிருந்த பருவத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு திருமணப் புகைப்படம். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஜெயராஜ் அதைப் பிரித்தெடுக்க முயன்றார்... மணமகள் முகம் மட்டும் பெயர்ந்து கண்ணாடியோடு போயிற்று.

எனினும், பிலோமினா வேறோரிடத்தில் எஞ்சியிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், கன்டோன்மென்ட் பகுதியின் பழைய பங்களா ஒன்றில் ஒரு திரைப்படம் எடுத்தனர். மனத்தைக் குழப்பும் படம். கதை யாதெனில், ஒருவன் தன் மனைவியின் உடலில் வேறொருத்தி வந்து குடியேறிவிட்டாள் என்று நம்பத் தொடங்குகிறான். அவன் கனவில் ஒரு நீண்ட கூடம். அங்கே பன்னிரண்டு பெண்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நிற்கிறார்கள். முதுகை மட்டும் பார்த்து அவன் தன் மனைவியை இனங்காண வேண்டும்.

அப்பன்னிரண்டு பெண்களையும் அக்கம்பக்கத்திலிருந்தே கூலிக்கு அழைத்து வந்தார்கள். விவேக் நகரிலிருந்து சென்றவர் பிலோமினா. படம் வெளிவருமுன் அவர் இறந்தார். படமும் ஓடவில்லை. பின்னர் எப்படியோ வீடியோ கேசட்டாக வந்தது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும், மயானத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தபின், ஜெயராஜ் அந்தக் கேசட்டைப் போடுவார். கூடம் வரும் இடத்தில் எழுந்து சென்று திரையில் விரலை வைப்பார்.

"எடது பக்கத்துலருந்து மூணாவது. அதான்டா உங்கம்மா."

கேசட்டில் தெரிவது என்ன? கறுப்புக் குழம்பு. அதில் ஒரு சேலையின் வெளிறல், ஒரு கொண்டையின் இருட்டு. அவ்வளவே. ஆனால் தந்தைக்கு அது போதும்.

"சமைக்கும்போதும் இப்டியேதான் நிப்பா, சொவத்தப் பாத்துக்கினு. நீ தவழ்ந்து தவழ்ந்து அடுப்பாண்ட வருவே. அவ திரும்பவே மாட்டா. கைய பின்னாடி வச்சு வெரல மட்டும் ஆட்டுவா... போ, போன்னு. நீயும் அப்டியே பிரேக் போட்ட மாதிரி நின்னுடுவே. போக்கிரி."

இதைக் கூறி ஜெயராஜ் சிரிப்பார். பிறகு மூக்கைச் சிந்துவார். ஓஸ்வால்ட் வளர்ந்தார், படித்தார், தலையும் நரைக்கத் தொடங்கியது. ஒரு முதுகை அம்மா என்று நம்பியே காலம் கழிந்தது.

இனி அவருடைய தொழிலைக் கூற வேண்டும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. பொம்மசந்திராவில் ஒரு நிறுவனம் பழைய படங்களைத் துப்புரவு செய்து டி.வி.டி.யாக மாற்றித் தந்தது. ஓஸ்வால்ட் அங்கே இறுதித் தேர்வாளர். அருகருகே இரண்டு தொலைக்காட்சிகள். ஒன்றில் பழைய கேசட் ஓடும். மற்றொன்றில் புதிய வட்டு ஓடும். இரண்டையும் ஒப்பிட்டு, புதியது உண்மையிலேயே மேம்பட்டதா அல்லது வெறும் பளபளப்பா என்று அவர் தீர்ப்புக் கூற வேண்டும்.

துப்புரவு எவ்வாறு நடக்கும்? திரைப்படம் என்பது ஒரு நொடிக்கு இருபத்து நான்கு நிழற்படங்கள். மனிதன் நின்றால் எல்லா நிழற்படங்களிலும் நிற்பான். தூசி அப்படியன்று. ஒன்றில் இருக்கும், முன்னதில் இராது, பின்னதிலும் இராது. ஆகவே கணினி மூன்றையும் ஒப்பிடும். ஒன்றில் மட்டும் உள்ளதைத் துடைத்துவிடும்.

ஆயினும் கணினி பிழை செய்யும். மழைத்துளியைத் தூசி என்று துடைத்துவிடும். தீப்பொறியைத் துடைத்துவிடும். ஆகையால் துடைத்த அனைத்தையும் தனியே சேர்த்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாக ஒரு படமாகவே வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் கச்சடா ரீல். தேர்வாளர் அதையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். குப்பையோடு பொருளும் போய்விடவில்லையே என்று உறுதி செய்ய வேண்டும். படம் ஏற்கப்பட்டதும் கச்சடா ரீலை அழித்துவிடுவார்கள். அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமல்லவா?

அவ்வாண்டு செப்டம்பரில், அந்தப் படம் அவர் மேசைக்கு வந்தது.

ஆம். அதே படம். இங்கே ஓடாத அதை வெளிநாட்டில் சிலர் தேடிப்பிடித்துக் கொண்டாடத் தொடங்கியிருந்தனர். மூலச் சுருளிலிருந்து புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள். ஓஸ்வால்ட் எவரிடமும் எதுவும் கூறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு தொலைக்காட்சிகளையும் இயக்கினார்.

கேசட்டில் கூடத்துக் காட்சியின் முடிவில் மூன்றாவது பெண்ணின் தலையருகே ஓர் அசைவு உண்டு. ஒரு மங்கல். அவள் திரும்பத் தொடங்குகிறாள் என்றே ஓஸ்வால்ட் சிறுவயது முதல் நம்பியிருந்தார். புதிய பதிவில் அது தெளியும். ஒரு நொடியாவது... கால் நொடியாவது... அம்மாவின் முகம் தெரியும்.

காட்சி வந்தது.

அவள் திரும்பவில்லை. மங்கலாகத் தோன்றியது, கதாநாயகனின் நிழல் அவள் கூந்தல்மேல் விழுந்து கடந்தது. அவ்வளவுதான். கொண்டையின் ஊசி தெரிந்தது. கழுத்தின் மச்சம் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

அவர் அக்காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார் என்று, அவரிடமே கேட்டறிந்த யூஜின் கூறினான். அப்போது மேலாளர் முனிகிருஷ்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன குரு, ஆயித்தா? பாஸா ஃபெயிலா?"

ஓஸ்வால்ட் காட்சியை நிறுத்தினார். தொழில் அவரைத் தாங்கிப் பிடித்தது.

"நல்லாவே பண்ணியிருக்காங்க சார். கேசட்ல செவப்பு எல்லாம் வழிஞ்சு போயிருக்கும், இதுல நிக்குது. இருட்டு இப்பதான் இருட்டா இருக்கு. செவத்துல வெடிப்புகூடத் தெரியுது. ஒண்ணு ரெண்டு எடத்துல மூஞ்சி மெழுகு மாதிரி வழவழன்னு ஆயிருக்கு, ரொம்பத் தொடைச்சிட்டாங்க. பாட்டுல மேல் ஸ்தாயி சத்தம் கொஞ்சம் கம்மி. மத்தபடி ஷார்ப்பு. அந்த மூணாவது லேடி கைய பின்னாடி வச்சிருக்குல்ல? அஞ்சு வெரலும் தனித்தனியா தெரியுது சார். ஆடறதுகூட."

"அதே அல்லவா டி.வி.டி.ன்னா! இல்லாட்டி ஜனம் எதுக்குக் காசு கொடுக்கும்? பேகா முடி, சீக்கிரம்; அடுத்த படம் வந்துட்டுது."

கூர்மையை விரல்களில்தான் பார்ப்பார்கள். அது அத்தொழிலின் வழக்கம்.

மேலாளர் சென்றபின், கச்சடா ரீல் மட்டும் எஞ்சியிருந்தது. அதை ஓடவிட்டார். ஒலியில்லை. கறுப்புத் திரை. வெள்ளைப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றி மறைந்தன; தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் போல. முதல் காட்சி... இரண்டாவது... எங்கும் அப்படியே. பிறகு கூடத்துக் காட்சி.

பூச்சிகள் ஓரிடத்தில் கூடின.

மூன்றாவது பெண்ணின் கொண்டை எவ்விடத்தில் இருந்ததோ, சரியாக அவ்விடத்தில். ஒரு நிழற்படத்தில் ஒரு கன்னத்தின் வளைவு. மற்றொன்றில் உதட்டின் ஓரம். இன்னொன்றில் நெற்றி. தனித்தனியே வெறும் தூசி. ஓடும்போது... ஒரு முகம். நேராக அவரைப் பார்க்கும் முகம்.

"அண்ணா, ஒரு நிமிஷம்." ஹரிஷ் குறுக்கிடுகிறான். "புள்ளி நெறைய இருந்தா நம்ம மூளையே அதுல மூஞ்சி போட்டுக்கும். மேகத்துல, செவத்துக் கறையில எல்லாம் தெரியும். இதெல்லாம் சகஜம்."

உண்மை. யூஜினும் அதையேதான் கூறினான். நானும் அதை மறுக்கவில்லை.

ஓஸ்வால்ட் வெளியே சென்று வித்யாலட்சுமியை அழைத்து வந்தார். நாமக்கல்லிலிருந்து வந்து அங்கே துப்புரவுப் பிரிவில் பணிபுரிந்த பெண். அப்படத்தைக் கணினியில் துடைத்தவளும் அவளே.

"இந்தக் காட்சியில தொடைச்சத எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, ஒரே படமா பிரின்ட் எடுத்துக் குடும்மா."

"கச்சடாவையா சார்? அத எதுக்கு?"

"எடு, சொல்றேன்."

அவள் அடுக்கினாள். திரையில் முகம் மெல்ல மெல்ல அடர்ந்தது. முதலில் புருவம். பிறகு வாய். வித்யாலட்சுமியின் கை சுட்டியின்மேல் நின்றுவிட்டது.

"சார்... தூசின்னா ஒரு எடத்துல விழுந்தா மறுபடி அதே எடத்துல விழாதுல்ல? மூக்கு, வாயி எல்லாம் அங்கங்க சிதறித்தான் இருக்கு. கண்ணு மட்டும் பாருங்க. எல்லா ஃப்ரேம்லயும் அதே எடம். அசையவே இல்ல."

"அசையாம இருந்தா கம்ப்யூட்டர் ஏன் தொடைச்சுது?"

"அதான் சார் எனக்கும் தெரியல. ஒரு ஃப்ரேம்ல மட்டும் இருக்கறதத்தான் அது தொடைக்கும்."

அச்சுப்பொறி தாளை வெளியே தள்ளியது. ஓஸ்வால்ட் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

"இது எங்கம்மா."

"அப்டியா சார்! அம்மா..." அவள் சற்றுத் தயங்கினாள். "நீங்கதான் அம்மாவப் பாத்ததே இல்லன்னு சொல்லுவீங்களே. அப்புறம் எப்படி சார் தெரியும்?"

ஓஸ்வால்ட் தேர்வுப் படிவத்தை எடுத்தார். படத்தை ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தார். மறுநாள் கச்சடா ரீலை அழித்துவிடுவார்கள். தாள் மட்டுமே மிஞ்சும். அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நிறுவனத்தின் வண்டி முன்னரே போய்விட்டிருந்தது. ஆட்டோ பிடித்தார்.

அந்த ஆட்டோவைத்தான் நாம் ஓசூர் சாலையில் கண்டோம்.

அவ்வாசனையைப் பற்றிக் கூறினேன் அல்லவா? பழைய படச்சுருள் கெட்டுப்போனால் வினிகர் வாசனை வீசும். பெட்டியைத் திறந்தாலே கண்ணைக் கரிக்கும். ஓஸ்வால்ட் அதைப் பலமுறை முகர்ந்தவர். ஆனால் இப்படத்தின் சுருள் பொம்மசந்திராவுக்கு வரவேயில்லை. கணினிப் பதிவு மட்டுமே வந்தது. அவர் மடியிலிருந்தது புத்தம்புதிய தாள்.

அத்தாளுக்கு எங்கிருந்து அவ்வாசனை வந்தது?

வீட்டில் தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இட்டார். குழந்தை இயேசுவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜெயராஜுக்கு அப்போது இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அவர் கண்ணாடியைக் கையால் தடவினார்.

"பிலோமினாவாடா?"

"ஆமா டாடி."

"மூஞ்சியா? முதுகு இல்லையே?"

"மூஞ்சிதான் டாடி."

கிழவர் சட்டத்தின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதார். ஓஸ்வால்ட் அழவில்லை. நிமிர்ந்து நின்றார். தம் வாழ்நாளில் தந்தைக்கு ஒரு பொருளைத் தேடிக் கொடுத்துவிட்ட பெருமிதம் அவருக்கு.

அதன்பின் வீட்டில் அவ்வாசனை தங்கிவிட்டது. ஊறுகாய்ச் சாடியைத் திறந்து பார்த்தார். மூடி இறுக்கமாகவே இருந்தது. சமையலறையிலிருந்து ஓர் ஓசையும் எழுந்தது. சடக்... சடக்... சடக்... சுருள் ஓடி முடிந்தபின் அதன் வால் சுழன்று சுழன்று அடிக்குமே, அந்த ஓசை. உள்ளே சென்றால் நின்றுவிடும்.

ஜெயராஜ் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார்.

"உங்கம்மா வந்தாடா நேத்து. கட்டில்ல பக்கத்துல ஒக்காந்தா. பேச மாட்டேங்கறா, கோவம் போல. கையப் புடிச்சேன். ஜில்லுனு இருக்கு. பனி நேரம் பாரு, சொட்டர் போட்டுக்கோடின்னேன்."

முதியவர், கனவு காண்கிறார் என்று ஓஸ்வால்ட் எண்ணினார். காணட்டும் என்று விட்டுவிட்டார். கண் அறுவைக்குப் பல ஆண்டுகளாக மறுத்துவந்தவர் ஜெயராஜ். "பாக்க இன்னாடா இருக்கு?" என்பார். இப்போது தாமே மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

"கல்லறைத் திருநாளுக்குள்ள பண்ணிடுடா. இந்தத் தடவை அவ மூஞ்ச நல்லாப் பாத்துட்டு மெழுகுவத்தி ஏத்தணும்."

ஒரு கண்ணில் அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். மருத்துவரின் சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ணிச் சொன்னாராம் ஜெயராஜ். நல்ல பார்வை. அன்று பிற்பகலே வீடு திரும்பினார்கள். யூஜினும் துணைக்குச் சென்றிருந்தான். நல்ல வெயில். சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். ஜெயராஜ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சட்டத்தின் முன் சென்று நின்றார்.

பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யார்றா இவ?"

"அம்மா, டாடி..."

"இவ பிலோமினா இல்லடா."

"டாடி, வருஷம் ஆயிடுச்சுல்ல? உங்களுக்கு மறந்து..."

"பொண்டாட்டி மூஞ்சி மறக்குமாடா? இவ அவ இல்ல. இந்த மாதிரி ஒரு மூஞ்ச நான் எங்கயுமே பாத்தது இல்ல."

 வெளியே பந்து சுவரில் மோதும் ஓசை. ஜெயராஜ் தம் வலக்கையை விரித்து அதையே உற்றுப் பார்த்தார். இரவுகளில் மற்றொரு கையைப் பற்றியிருந்த கை அது.

"அப்ப... என் பக்கத்துல வந்து ஒக்காந்தது யாரு?"

கூறிவிட்டுத் தலையைத் திருப்பினார். சமையலறை வாயிலைப் பார்த்தார். யூஜினும் பார்த்தான், அவனுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஓஸ்வால்டுக்கும் தெரியவில்லை. ஆனால் ஜெயராஜ் அறுவை செய்த கண்ணைத் தம் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.

"யூஜின்... அந்தக் கட்ட மறுபடி கட்டி வுட்றா. கட்டி வுட்றா, பாவி!"

அன்று மாலையே யூஜின் அவரை ஒக்கலிபுரத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். புறப்படும்போது கிழவர் மகனின் சட்டையைப் பற்றிக்கொண்டு மன்றாடினார். அத்தாளைக் கொளுத்திவிடு என்றார். உடன் வந்துவிடு என்றார். ஓஸ்வால்ட் சட்டத்துக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"முதுகையே பாத்து வளந்தவன் டாடி நான். பசங்க எல்லாம் அம்மா ஃபோட்டோ காட்டுவானுங்க, நான் சொவத்தக் காட்டுவேன். இப்பத்தான் ஒரு மூஞ்சி கெடச்சிருக்கு. குடுக்க மாட்டேன்."

"அது உங்கம்மா இல்லடா!"

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

கிழவரின் கை மகனின் சட்டையை விட்டது.

கல்லறைத் திருநாள் வந்தது. மயானத்தில் ஜெயராஜ் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார். மகன் வரவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசினார். நலமாக இருப்பதாகக் கூறினார். அம்மாவும் நலம் என்றார். அவர் பேசும்போது பின்னால் சடக், சடக் என்று கேட்டதாம்.

டிசம்பரில் டி.வி.டி. கடைக்கு வந்தது; ஹரிஷ் இன்று வாங்கி வந்ததும் அதுவே. யூஜின் ஒன்றை வாங்கினான். பெரியப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, உணவருந்தியபின், அவன் வீட்டுக் கூடத்தில் அதை ஓடவிட்டார்கள். ஜெயராஜ் அப்படத்தைத் தெளிந்த கண்ணோடு பார்ப்பது அதுவே முதன்முறை. முன்பு கேசட்டின் இருட்டு. பின்பு கண்ணின் இருட்டு.

பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். மற்றவர்களின் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது பெண்ணின் வலக்கை மட்டும் இடுப்புக்குப் பின்னால் இருந்தது. உள்ளங்கை வெளிப்புறம் நோக்கி... ஐந்து விரல்களும் தனித்தனியே...

ஆடிக்கொண்டிருந்தன.

ஜெயராஜ் எழுந்தார். வழக்கம்போல் திரையருகே சென்றார். ஆனால் விரலை வைக்கவில்லை.

"யூஜின்... இந்தக் கையப் பாருடா. போ, போங்கறா. இவ்ளோ நாளா இது தெரியவே இல்லையேடா. அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே. அவன் பாத்தானா இல்லையா?"

"என்ன பெரியப்பா? எதப் பாத்தானா?"

"வேட்டிய எடு. விவேக் நகர் போவணும். இப்பவே."

அவர்கள் சந்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆலயத்தில் மணி ஒலித்தது. நட்சத்திர விளக்குகளை எல்லா வீடுகளிலும் கட்டியிருந்தார்கள். ஓஸ்வால்டின் வீட்டில் மட்டும் இல்லை. கதவு தாழிடப்படாமல் இருந்தது. தள்ளியதும் அவ்வாசனை முகத்தில் அறைந்தது. யூஜினுக்குக் கண்களில் நீர் வந்துவிட்டது.

குழந்தை இயேசுவின் பக்கத்தில் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையவில்லை. உள்ளே தாளும் இருந்தது. வெள்ளைத் தாள். முகம் இல்லை. அச்சடித்த சுவடே இல்லை. ஒரு தூசிகூட இல்லை.

சமையலறையில் விளக்கு இல்லை. ஆயினும் சாளர வெளிச்சத்தில் தெரிந்தது. அடுப்பு மேடையின் முன்னால் ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்த்தபடி. சுவருக்கும் அவர் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"டேய், ஓஸ்வால்ட்..."

திரும்பவில்லை.

"அப்பா வந்திருக்கேன்டா. திரும்புடா. ராஜா... திரும்புடா."

அவருடைய தோள்கள் நடுங்குவதை யூஜின் கண்டான். அழுகிறார் போலும் என்று எண்ணினான். ஜெயராஜ் வாயிலைக் கடந்து ஓரடி உள்ளே வைத்தார்.

அப்போது ஓஸ்வால்டின் வலக்கை மெதுவாக அவர் இடுப்புக்குப் பின்னால் வந்தது. உள்ளங்கை அவர்களை நோக்கித் திரும்பிற்று.

தலை திரும்பவில்லை... விரல்கள் மட்டும் ஆடின.